கந்தக மலையின் வெந்நீர்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் மடியில் பான்ஃப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் தெற்கே எழும் மலைக்குக் கந்தக மலை என்று பெயர். ஜனவரி மாதத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை வரை இறங்கிவிடும். அந்தக் குளிரில் மலைச்சரிவிலுள்ள திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு நீரில் குடும்பங்கள் அமிழ்ந்து கிடக்கும். நீரின் வெப்பம் 38 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில். மேலே பனி பெய்துகொண்டிருக்க, நனைந்த தலைமயிர் உறைந்து வெண்குச்சிகளாக விறைத்து நிற்க, பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். குளிர்கால விடுமுறை விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் காட்சி இது.

பார்ப்பதற்கு இத்தனை எளிதாகத் தோன்றும் இந்த இன்பத்துக்குப் பின்னால் ஒரு நெடிய கதை உண்டு. கனடா தேசத்தின் முதல் தேசியப் பூங்கா பிறந்ததே இந்த வெந்நீரால்தான். அதே வெந்நீர்க் குளத்தின் அருகில் இரண்டு குளிர்காலங்கள் முள்வேலிச் சிறைமுகாம் ஒன்றும் இருந்தது. முதற்செய்தியைச் சுற்றுலா நூல்கள் எல்லாம் சொல்லும். இரண்டாவதைச் சொல்ல அந்நாடு எழுபது எண்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

முதலில் நீரைப் பற்றி. வெந்நீர் ஊற்று என்றவுடன் எரிமலை நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே எரிமலை எதுவும் இல்லை. மலைமேல் விழும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகள் வழியே கசிந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகின்றன. கீழே போகப் போகப் பூமியின் உள்வெப்பம் கூடும். அங்கே சூடேறி, அழுத்தம் தாங்காமல், கந்தக மலையை ஒட்டி ஓடும் ஒரு பெரும் பாறைப் பிளவு வழியாக அந்நீர் மேலே ஏறி வருகிறது. வழியில் சுண்ணமும் சல்பேட்டுகளும் அதில் கரைகின்றன. சல்பேட்டை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயுவினால்தான் அழுகிய முட்டை வாடை. இன்று குளத்தில் மிதப்பவர்மேல் படும் நீர் என்றோ, எந்த நூற்றாண்டிலோ பெய்த பனி என்று எண்ணிப் பார்த்தால் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது.

1883-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கனடியன் பசிபிக் ரயில்வேயின் தொழிலாளிகள் மூவர், வில்லியம் மெக்கார்டெல், அவர் சகோதரர் தாமஸ், நண்பர் ஃபிராங்க் மெக்கேப், இந்தச் சரிவில் ஆவி எழுவதைக் கண்டு மேலேறிச் சென்றனர். வெதுவெதுப்பான நீர் தேங்கிய ஒரு சுனை தென்பட்டது. அருகிலேயே பாறையின் உச்சியில் ஒரு துளை. அதனூடே வெட்டிய மரத்தண்டு ஒன்றை இறக்கி, அதைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கியபோது ஒரு குகையும் குகைக்குள் வெந்நீர்க் குளமும் இருந்தன. மாதக்கணக்கில் வெந்நீர்க் குளியலே வாய்க்காத ரயில்பாதைக் கூலிகளுக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதைத்தான் 'கண்டுபிடிப்பு' என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அப்பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான ஸ்டோனி நகோடா மக்கள் இந்த ஊற்றுகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். நோய் தீர்க்கும் நீர், புனித நீர் என்பது அவர்கள் எண்ணம். 1877-இல் கையெழுத்தான ஏழாம் உடன்படிக்கைக்குப் பின் அவர்கள் மார்லி என்னும் ஒதுக்கிடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பிற்பாடு பூங்கா எல்லைக்குள் வேட்டையும் தடைசெய்யப்பட்டது. பதிலாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆண்டுக்கொரு முறை இறகணிந்து குதிரையேறிப் பயணிகளுக்குக் காட்சிதர அவர்கள் பான்ஃபுக்கு அழைக்கப்பட்டனர். 'பான்ஃப் இந்தியர் நாட்கள்' என்ற அந்த விழா 1978 வரை நடந்தது. தம் ஊற்றுக்குத் தாமே விருந்தாளியாய், அதுவும் வேடிக்கைப் பொருளாய் வரநேர்ந்த அவர்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

மெக்கார்டெல் குழுவினர் குகைக்கருகே ஒரு மரக்குடிசை கட்டி, இடத்துக்கு உரிமை கோரினர். வேறு சிலரும் உரிமை கோர, விவகாரம் ஓட்டாவாவுக்குப் போயிற்று. அமெரிக்க அரசு 1832-லேயே ஆர்கன்சாஸ் வெந்நீர் ஊற்றுகளைத் தனியார் கைக்குப் போகாமல் ஒதுக்கிவைத்திருந்தது. அந்த முன்மாதிரி கனடிய அதிகாரிகளின் கண்முன் இருந்தது. 1885 நவம்பர் 25 அன்று, ஊற்றுகளைச் சுற்றிய சுமார் 26 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசு தன் பெயருக்கு எடுத்துக்கொண்டது. உரிமை கோரியவர்களுக்குச் சிறு நஷ்ட ஈடு கிடைத்தது.

அந்த நவம்பர் மாதத்தை நாள்காட்டியில் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். 7-ஆம் தேதி, கண்டத்தின் குறுக்கே நீண்ட ரயில்பாதையின் கடைசி ஆணி அறையப்பட்டது. 16-ஆம் தேதி, மேற்குச் சமவெளியின் மேட்டி மக்களுக்காகக் கிளர்ந்தெழுந்த லூயி ரியெல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கிளர்ச்சியை ஒடுக்கப் படைகள் வேகமாய்ப் போய்ச் சேர்ந்தது இதே ரயில்பாதையில்தான். 25-ஆம் தேதி, வெந்நீர் ஊற்று ஒதுக்கீட்டு ஆணை. பாதை முடிந்தது, எதிர்ப்பு முடிந்தது, இனி பயணிகள் வரலாம். மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருவரும் திட்டமிட்டு அடுக்கவில்லை. ஆனாலும் வரலாறு சிலசமயம் தன் கருத்தைத் தேதிகளிலேயே சொல்லிவிடுகிறது.

கடனில் மூழ்கியிருந்த ரயில் கம்பெனிக்குப் பயணிகள் தேவைப்பட்டார்கள். மலையை ஏற்றுமதி செய்ய முடியாது, மனிதர்களை இறக்குமதி செய்யலாம் என்பது அதன் தலைவர்களில் ஒருவரான வில்லியம் வான் ஹோர்னின் கணக்கு. பிரதமர் ஜான் மெக்டொனால்டும் 1886-இல் மனைவியுடன் அவ்வழியே ரயிலில் போய்வந்தார். (திருமதி மெக்டொனால்டு, ரயில் எஞ்சினின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் மாடுதள்ளியின்மேல் அமர்ந்து மலைகளைக் கடந்தது அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று.) மறு ஆண்டு பூங்காச் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஊற்று நோயாளியின் உடம்பைத் தேற்றும், அப்படியே அரசின் கஜானாவையும் தேற்றும் என்ற தொனியில்தான் பிரதமர் பேசினார். 1887 ஜூனில் சட்டம் நிறைவேறி, 673 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா உருவாயிற்று. இயற்கையைக் காப்பாற்றப் பிறந்தவை தேசியப் பூங்காக்கள் என்று பள்ளியில் படிக்கிறோம். பான்ஃபைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிறப்பு, குளியலறைக் கணக்கில்தான்.

1888 ஜூன் மாதம் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டல் திறக்கப்பட்டது. வரைந்தவர் புரூஸ் பிரைஸ். கட்டுகிறவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதனால் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அழகெல்லாம் சமையலறைக்கும், பின்புறத்து மரங்கள் விருந்தினர் அறைகளுக்கும் வாய்த்தன. வந்து பார்த்த வான் ஹோர்ன் கடுங்கோபம் கொண்டு, காட்சி தெரியும் பக்கத்தில் ஒரு மண்டபம் எழுப்பச் செய்தார் என்பது அந்த ஹோட்டலைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. சமையற்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை யாரும் பதிவு செய்யவில்லை.

ஆரம்பகாலத்தில் இங்கே வந்தவர்கள் நீந்த வரவில்லை, குணமாக வந்தார்கள். ரயில் கம்பெனியின் மருத்துவராக இருந்த பிரெட் என்பவர் 1886-இல் ஒரு சிகிச்சை விடுதி தொடங்கி, மேல் ஊற்றிலிருந்து குழாய் வைத்து வெந்நீரைக் கீழே கொண்டுவந்தார். முடக்குவாதம், கீல்வாயு, தோல்நோய் எல்லாவற்றுக்கும் இந்த நீரே மருந்து. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததைப் பழைய புகைப்படங்களில் காணலாம். (பிரெட் பிற்பாடு ஆல்பர்ட்டாவின் துணைநிலை ஆளுநராகவும் உயர்ந்தார். வெந்நீர் யாரையெல்லாமோ தேற்றியிருக்கிறது.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியம் மோகம் உலகைப் பிடித்தபோது, மலைத்தொடரின் ஊற்றுநீர்களில் கதிரியக்கம் இருப்பதாக அளந்து சொன்னார்கள், அதுவும் ஒரு விளம்பரமாயிற்று. பக்கத்து மாகாணத்தின் வெந்நீர் ஊற்றூர் ஒன்று ரேடியம் என்ற பெயரையே சூட்டிக்கொண்டு இன்றும் அப்பெயரிலேயே விளங்குகிறது.

நோயாளியின் நீர், விடுமுறையாளரின் நீராக மாறிய தருணத்தைச் சுட்ட வேண்டுமானால் 1914-ஐச் சொல்லலாம். குகையும் சுனையும் இருந்த இடத்தில், வால்டர் பெயின்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த நீச்சல்குளம் அந்த ஆண்டு திறக்கப்பட்டது. அன்றைய கனடாவின் மிகப் பெரிய நீச்சல்குளம் அது என்று சொல்வார்கள். கல் வளைவுகளும் மேல்தளமும் கொண்ட கட்டடம், கீழே ஆவி பறக்கும் நீர், சுற்றி மலைகள். 1911-இல் பூங்காத் துறைக்கு முதல் ஆணையராக வந்த ஜேம்ஸ் ஹார்கின் மருத்துவ மகிமையை விட்டுவிட்டு உல்லாசத்தையும் உடல் வலிமையையும் முன்னிறுத்தினார். சாலைகள் வேண்டும், மகிழுந்துகள் வரவேண்டும், நடுத்தரக் குடும்பங்கள் வரவேண்டும் என்பது அவர் கனவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கிற்று. பணம் நின்றது.

போர் வேறொரு பொருளைக் கொண்டுவந்து தந்தது: கூலி அதிகம் கேட்காத மனித உழைப்பு.

முதல் உலகப்போருக்கு முந்திய இருபது ஆண்டுகளில் காலிசியா, புகோவினா பகுதிகளிலிருந்து ஏராளமான உக்ரேனிய விவசாயிகள் கனடாவின் மேற்குச் சமவெளியில் குடியேறியிருந்தனர். சமவெளியை உழுவதற்கு ஆள் வேண்டும் என்று கனடிய உள்துறையே தேடித்தேடி அழைத்து வந்தவர்கள். அவர்கள் கையிலிருந்த ஆவணங்களின்படி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகள். அந்தப் பேரரசின் ஆட்சியை விட்டு ஓடிவந்தவர்கள் என்பது போர்ச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. 80,000-க்கும் மேற்பட்டோர் 'எதிரிநாட்டு அந்நியர்' என்று பதிவு செய்துகொண்டு காவல் நிலையங்களில் முறைப்படி ஆஜராக வேண்டியிருந்தது. 8,579 பேர் நாடெங்கும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 5,000 பேர் உக்ரேனியர் என்பது பொதுவான கணிப்பு. பலர் செய்த குற்றம், வேலையில்லாமல் இருந்தது மட்டுமே.

பூங்காவுக்குச் சாலை போட இவர்களைக் கேட்டு வாங்கினார் ஹார்கின். பூங்காத் துறையும் அன்று உள்துறையின் கீழ்தான் இருந்தது. அழைத்து வந்த துறையே அடைத்து வைத்தவர்களின் உழைப்பையும் எடுத்துக்கொண்டது. 1915 ஜூலையில் பான்ஃபுக்கு வடமேற்கே காஸில் மலையின் அடிவாரத்தில் முள்வேலியும் கூடாரங்களுமாக ஒரு முகாம் எழுந்தது. மலைக்காட்டில் கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. ஆகவே அந்த நவம்பரில் கைதிகளை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குகைக் குளத்தை ஒட்டிய இடமே அவர்களின் குளிர்கால முகாம். மறு ஆண்டுக் கோடையில் மீண்டும் காஸில் மலை. மீண்டும் குளிர்காலத்தில் குகையருகே. 1917 ஜூலையில்தான் முகாம் மூடப்பட்டது.

நாளொன்றுக்குக் கூலி 25 சென்ட். காடு வெட்டினார்கள், கல் உடைத்தார்கள், லேக் லூயிஸ் நோக்கிய சாலையைப் போட்டார்கள், குளிர்காலத்தில் பனிக்கட்டி அறுத்தார்கள். தப்பியோட்டங்கள் அடிக்கடி நடந்தன. 1917 பிப்ரவரியில் பான்ஃப் ஊர் தன் முதல் குளிர்காலத் திருவிழாவைக் கொண்டாடியது. குளிர்காலத்திலும் பயணிகளை வரவழைக்க முடியும் என்று ஊர் வணிகர்கள் செய்துபார்த்த சோதனை அது. அத்திருவிழாவின் நடுநாயகம் பனிக்கட்டியால் கட்டிய ஒரு மாளிகை. அதைக் கட்டியவர்கள் கைதிகள்.

இந்த ஒரு செய்தியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். குளிர்கால விடுமுறை என்ற கருத்தே அந்தப் பள்ளத்தாக்கில் முதல்முதலாகக் கைதிகளின் கையால் வடிவம் பெற்றது. கல்வளைவுக் கட்டடத்தின் கீழே வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருக்க, அதன் அருகில் முள்வேலிக்குள் கனல் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்த மனிதர்களை இத்தனை ஆண்டுகளில் எந்தச் சுற்றுலாப் படமும் காட்டவில்லை. யாரோ திட்டமிட்டு மறைத்தார்கள் என்று சொல்வதைவிட, பார்க்க யாருக்கும் தேவைப்படவில்லை என்பது சரியாக இருக்கும். முகாம்களைப் பற்றிய அரசு ஆவணங்களில் பெரும்பகுதி 1950களில் அழிக்கப்பட்டுவிட்டது. அதற்குச் சதி வேண்டியதில்லை, இடப்பற்றாக்குறை போதும். விடுதலையானவர்களும் பேசவில்லை. தம் பிள்ளைகள் கனடியர்களாய் வளர வேண்டும் என்று நினைத்தவர்கள், தாம் 'எதிரி'யாய் இருந்த கதையை எப்படிச் சொல்வார்கள்?

கதையை மீட்டவர்கள் பேரப்பிள்ளைகளின் தலைமுறையினர். எஞ்சிய ஆவணங்களைக் கொண்டு பொதான் கோர்தானும் பீட்டர் மெல்னிக்கியும் 1991-இல் காஸில் மலை முகாமின் நாட்குறிப்பை நூலாகத் தொகுத்தனர். 1995-இல் காஸில் மலையடிவாரத்தில் நினைவுச்சிலை ஒன்று நிறுவப்பட்டது. 2008-இல் அரசு ஒரு கோடி டாலர் நினைவு நிதி ஒதுக்கியது. 2013-இல் குகைக் குளத்தின் அருகிலேயே முகாம்களைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி திறக்கப்பட்டது. (அந்த மலைக்கே ஒரு பெயர்க்கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946-இல் அதற்கு ஐசன்ஹோவர் மலை என்று பெயர் மாற்றினார்கள்; 1979-இல் பழைய பெயரே திரும்பிற்று. தளபதியின் பெயரைச் சூட்ட ஓராண்டு போதுமாயிருந்தது. கைதிகளுக்கு ஒரு கல் நட எழுபத்தெட்டு.)

போருக்குப் பின் ஹார்கினின் கனவு பலித்தது. சாலைகள் வந்தன, மகிழுந்துகள் வந்தன, அவற்றில் தந்தையும் தாயும் பிள்ளைகளும் வந்தார்கள். கைதிகள் தொடங்கிய சாலை 1920களில் லேக் லூயிஸ்வரை குடும்பங்களைக் கொண்டுசென்றது. மலையின் மேல்சரிவில் இருக்கும் இன்றைய குளியல் கட்டடம் 1932-இல் திறக்கப்பட்டது. ஜாஸ்பர் பூங்காவில் மியெட் ஊற்றின் கதை சற்று வித்தியாசமானது: அங்கே 1919-இல் வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் தாமே மரக்கட்டடம் எழுப்பித் தமக்கொரு குளியலிடம் செய்துகொண்டார்கள். அங்கே நீர் 54 பாகை வெப்பத்தில் வருவதால் ஆற வைத்துத்தான் குளிக்க முடியும். முதலாளியின் அனுமதியின்றி உழைப்பாளிகள் தமக்காகவே கட்டிக்கொண்ட குளியலிடம் என்பதால் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த குளம் அது.

ஆனாலும் குளிர்காலம் உடனே விடுமுறைக் காலமாகிவிடவில்லை. பனிச்சறுக்கு மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. பெரிய ஹோட்டல் கோடைக்கு மட்டும் திறப்பதையே பல பதிற்றாண்டுகள் வழக்கமாக வைத்திருந்து, 1969-இல்தான் ஆண்டு முழுவதும் இயங்கத் தொடங்கியது. அதன்பின் காட்சி மாறிற்று. பகலில் சறுக்கு, மாலையில் வெந்நீர். ஊற்றுநீர் எட்டாத விடுதிகள் தம் முற்றங்களில் குளம் கட்டி, சாதாரண நீரை எரிவாயுவால் சூடாக்கின. பிள்ளைகளுக்கு வேற்றுமை தெரியாது. கந்தக வாடை இல்லாததால் இதுவே அவர்களுக்கு உவப்பு. வேடிக்கை என்னவென்றால், மேல் ஊற்றிலும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் நீர்வரத்து மிகவும் குறைந்துவிடும். அந்நாட்களில் ஊர்க் குழாய்நீரைச் சூடாக்கிக் குளத்தை நிரப்பியிருக்கிறார்கள். பூமி சூடாக்கியதா, கொதிகலன் சூடாக்கியதா என்று தோலால் சொல்ல முடியாது.

எதை நம்பித் தேசியப் பூங்கா உருவாயிற்றோ அந்த முதல் குகையில் இன்று யாரும் குளிக்க முடியாது. நூற்றாண்டு விழாவுக்காக 1985-இல் பழைய நீச்சல்குளத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். கட்டுபடியாகாமல் 1990களில் அதுவும் மூடப்பட்டது. குகைக்குள் போய்ப் பார்க்கலாம், நீரைத் தொடக்கூடாது. காரணம் ஒரு நத்தை. பான்ஃப் ஊற்று நத்தை என்று அழைக்கப்படும் அது சுட்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1926-இல் அறிவியல் பெயர் பெற்றது. உலகில் கந்தக மலையின் சில ஊற்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. வெப்பமான, பிராணவாயு குறைந்த, கந்தகம் கலந்த நீரில், பாசியை மேய்ந்து வாழ்கிறது. குளிக்க வந்தவர்களின் கால்களும், உடம்பில் பூசிய களிம்புகளும், நீரோட்டத்தைக் குழாய்க்குத் திருப்பிய ஏற்பாடுகளும் சேர்ந்து சில ஊற்றுகளில் அதை இல்லாமலே ஆக்கிவிட்டன. இன்று அது அழியும் நிலையிலுள்ள இனமாகச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. குகை வாசலில் பார்வையாளர்கள் கையை நீரில் நனைக்காதிருக்க எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன.

குளிக்க விரும்புகிறவர்கள் மலையேறி மேல் ஊற்றுக்குப் போகிறார்கள். நீச்சலுடை மறந்து வந்தவர்களுக்கு அங்கே 1920களின் பாணியில் தைத்த உடை வாடகைக்குக் கிடைக்கும்.